காம்பில் ஆறாத புண்ணுக்குக் களிம்பு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்பகப் புற்றுநோய் பற்றி வரும் விழிப்புணர்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் கட்டியைத் தேடச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. கைக்குக் கட்டி எதுவும் தட்டுப்படாமல், காம்பின் தோலில் வெறும் சொறி போலத் தொடங்கும் வகை ஒன்றும் உண்டு. 1874-இல் இதை விவரித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட்டின் பெயரால் பேஜட் நோய் என்கிறார்கள். (அவர் பெயரில் எலும்பு நோய் ஒன்றும் இருக்கிறது. இணையத்தில் தேடுவோர் குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை.) மார்பகப் புற்றுநோய்களில் இது 100-க்கு 1 முதல் 3 வரைதான். அரிதாக இருப்பதால் யாருக்கும் சட்டென்று சந்தேகம் வருவதில்லை. பல மாதங்கள் சொறி மருந்திலேயே கழிந்துவிடுகின்றன.

முதலில் காம்பு சிவக்கும், அரிக்கும், எரியும், செதில் உதிரும். பிறகு நீர் கசிந்து பொருக்குத் தட்டும். பொருக்கு விழுந்தால் அடியில் ஈரமான சிவந்த புண். சிலருக்கு இரத்தம் கலந்த கசிவு வரும், காம்பு தட்டையாகும் அல்லது உள்ளே இழுத்துக்கொள்ளும். எக்ஸிமா என்னும் தோல் அழற்சியும் இப்படித்தானே என்று கேட்கலாம். கவனிக்க வேண்டியது, எங்கே தொடங்கியது என்பதை. எக்ஸிமா பெரும்பாலும் காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும், இரண்டு பக்கமும் வரும், காம்பை விட்டுவைப்பதும் உண்டு. பேஜட் நோய் காம்பில் தொடங்கிக் கருவட்டத்துக்குப் பரவும். ஏறத்தாழ எப்போதும் ஒரு பக்கம் மட்டுமே.

ஏமாற்றுவது ஸ்டீராய்டு களிம்புதான். அது அழற்சியைத் தணிப்பதால் சிவப்பும் அரிப்பும் சில நாள் அடங்கும். தோலுக்குள் இருக்கும் புற்றுச் செல்களை அது தொடுவதில்லை. 'குறைகிறதே' என்று அடுத்த ட்யூப் வாங்குகிறார்கள். இரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் முழுமையாக ஆறாவிட்டாலோ, ஆறி மறுபடி அதே இடத்தில் வந்தாலோ, களிம்பை மாற்றிப் பார்ப்பது வீண். பயாப்ஸிதான் (புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) அடுத்த படி.

மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலத்தில் தோலின் முழு ஆழத்துக்கும் ஒரு துண்டு எடுப்பார்கள். புறநோயாளியாகவே செய்துகொண்டு வீடு திரும்பலாம். மேலே இருக்கும் பொருக்கை மட்டும் சுரண்டி அனுப்பினால் புற்றுச் செல்கள் சோதனையில் அகப்படாமல் தப்பிவிடலாம். பரிசோதனைச் சீட்டில் 'பேஜட் நோய் சந்தேகம்' என்று மருத்துவர் எழுதுவது முக்கியம். நுண்ணோக்கியில் இச்செல்கள் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் போலவும் தோன்றும் என்பதால், பிரித்தறியச் சிறப்புச் சாயச் சோதனைகள் தேவைப்படும். முடிவு 'புற்று இல்லை' என்று வந்தும் புண் ஆறவில்லையா? இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தோலோடு விஷயம் முடிவதில்லை. 10-இல் 9 பேருக்கு மேல் அதே மார்பகத்தின் உள்ளேயும் புற்று இருக்கும். சிலருக்குப் பால்நாளத்துக்குள்ளேயே அடங்கியதாக, சிலருக்கு நாளத்தைத் தாண்டியதாக. ஆகவே இரு மார்பகங்களுக்கும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அல்ட்ராசவுண்ட் தேவை. இங்கேதான் இன்னொரு பொறி: மேமோகிராம் சுத்தமாக வந்தாலும் பேஜட் நோய் இல்லை என்றாகாது. பயாப்ஸியில் உறுதியாகி, மேமோகிராமில் ஒன்றும் தெரியாதபோது எம்ஆர்ஐ உதவும்.

மார்பகம் முழுவதையும் எடுக்க வேண்டும் என்ற பயத்தில் தள்ளிப்போடுவோர் பலர். உள்ளிருக்கும் புற்று காம்புக்கு அருகிலேயே அடங்கியிருந்தால், காம்பையும் கருவட்டத்தையும் அடியிலுள்ள திசுவோடு அகற்றிவிட்டு, மீதி மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பது ஏற்கப்பட்ட வழி. பல இடங்களில் பரவியிருந்தால் முழு அகற்றம். குணமாகும் வாய்ப்பைத் தீர்மானிப்பது காம்புப் புண்ணின் அளவல்ல, உள்ளே இருக்கும் புற்றின் நிலை. நாளத்துக்குள் அடங்கியிருக்கும்போதே பிடித்தால் வாய்ப்பு மிக நன்று.

பாலூட்டும் தாய்மாருக்குக் காம்பு வெடிப்பது சாதாரணம். குழந்தை வாய்வைக்கும் நிலையைச் சரிசெய்தால் பெரும்பாலும் ஆறிவிடும். சரிசெய்தும் ஒரு பக்கம் மட்டும் ஆறாமலிருந்தால் மேற்சொன்னதே பொருந்தும். ஆண்களுக்கும், அரிதாக, இது வரும்.

மருத்துவரிடம் போகும் நாளில் காம்பில் எதுவும் தடவாதீர்கள். இதுவரை தடவிய களிம்புகளின் பெயரையும், எத்தனை வாரம் தடவினீர்கள் என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தோல் மருத்துவரிடம் போவதா, மார்பக அறுவை மருத்துவரிடம் போவதா என்று தயங்க வேண்டியதில்லை. பயாப்ஸி இருவராலும் செய்ய முடியும்.

— மார்பக நோய்ச் சிகிச்சையில் பணிபுரியும் வாசகர்கள்