பந்தல் போடுமுன்

திருச்சி,
வைகாசி முதல் வாரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. தாமதத்துக்குச் சோம்பல் காரணமில்லை. வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, எழுதாதே, குனியாதே, தலைக்கு ஊற்றாதே என்று பத்து நாளாக ஒரே தடையுத்தரவு. உன் கடிதத்தைப் பேத்தியிடம் கொடுத்துத்தான் வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி நாலு பக்கத்தையும் முடிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நடுவில் "தாத்தா, ஒயிலாட்டம்னா என்ன?" என்று கேட்டாள். எழுந்து நின்று கைக்குட்டையை வீசி ஆடிக்காட்டப் போய் உன் தங்கச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணைத் தவிர எல்லாம் ஆடுகிறதாம்.

சரி, உன் விஷயம். ஆடியில் மூன்று நாள் கலை விழா. கரகம், ஒயில், சிலம்பம், நாதஸ்வரம் எல்லாவற்றையும் கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, "இலக்கியத்தை மட்டும் வாத்தியார் பார்த்துக்குவார்" என்று உன் தலையில் கட்டியிருக்கிறார்கள். உன் திட்டத்தையும் பார்த்தேன். முதல் நாள் டி.வி.யில் வருகிற பேச்சாளரைக் கூப்பிட்டுப் பட்டிமன்றம், இரண்டாம் நாள் கவியரங்கம், மூன்றாம் நாள் பரிசளிப்பு. கையிலிருக்கிற பணத்தில் முக்கால்வாசி அந்த முதல் நாள் ராத்திரிக்கே போகிறது. எப்படி என்று கேட்டிருக்கிறாய். கேட்டது நீ, அப்புறம் கோபித்துக்கொள்ளாதே.

பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டை போயிருந்தேன், கண்ணுக்குக் கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று. நீயும் நானும் அழகப்பா கல்லூரி விடுதியிலிருந்து பஸ் பிடித்துப் போனோமே, அதே கம்பன் சமாதி. ஒரு இளம்பெண் மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து, அங்கிருந்த மண்ணைத் துளி எடுத்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. சுற்றி நின்ற எல்லோருக்கும் சிரிப்பு. தமிழ் வரும் என்ற நம்பிக்கை. வருமோ வராதோ, ஒரு கவிஞன் புதைந்த மண்ணைப் பிள்ளைக்கு ஊட்டுகிற ஊர் வேறெங்கே இருக்கிறது?

ஏன் பங்குனி அத்தம் என்று விடுதியில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? 'எண்ணிய சகாத்தம் எண்ணூற் றேழின்மேல்' என்கிற தனிப்பாட்டு, பங்குனி அத்தத்தில் அரங்கர் முன்னே காதை அரங்கேறியது என்கிறது. சக வருஷம் 807 என்றால் கி.பி. 885. அதெல்லாம் இல்லை, கம்பன் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று நீ ஒரே பிடி. இன்னமும் அறிஞர்களில் பெரும்பாலோர் உன் கட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தது என் கட்சிப் பாட்டு.

அங்கே உட்கார்ந்திருந்தபோது சா. கணேசன் ஐயாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1939-இல் அவர் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கினார். அப்போது அது சின்ன ஊர். அடுத்த சில வருஷங்களில் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று தமிழ்நாடெங்கும் மேடை முழங்கியது. 1943-இல் அண்ணா ஒரு பக்கமும், ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மறுபக்கமுமாக அதைப் பற்றி வாதாடினார்கள். அந்தச் சூட்டில் ஆரம்பித்த வேறு எத்தனையோ சங்கம் இருந்த இடம் தெரியவில்லை. இது நிற்கிறது. மகம், பூரம், உத்திரம் மூன்று நாள் காரைக்குடியில், அத்தம் நாட்டரசன்கோட்டையில்.

எப்படி நின்றது? பேச்சாளர்களால் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். யார்தான் வரவில்லை! அ.ச. ஞானசம்பந்தன், நீதிபதி மு.மு. இஸ்மாயில், குன்றக்குடி அடிகளார். நமக்கு முந்தின தலைமுறையில் பொதுவுடைமைக்காரரான ஜீவாவே அந்த மேடையில் கம்பனைப் பேசியிருக்கிறார். ஆனால் எனக்கு இன்று மனசில் நிற்பது வேறு ஒன்று. இரண்டாம் வருஷம் படிக்கும்போது மெஸ்ஸில் சாப்பாடு தாமதமாகி, பத்து நிமிஷம் பிந்தி ஓடினோமே. கடவுள் வாழ்த்து முடிந்து முதல் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கூட்டம் வரட்டும் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. கேட்கிறவன் நேரத்துக்கு வருவான் என்ற மரியாதை அது. மறுநாள் நாம் அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மளிகைக்கடைக்காரர், பேச்சாளர் ஒரு பாட்டில் சீரை மாற்றிச் சொன்னதும் தொடையில் தட்டி 'த்சொ' என்றாரே, ஞாபகமிருக்கிறதா? விழாவை நிலைக்க வைத்தது அந்த 'த்சொ'தான்.

உன் ஊரில் அப்படி ஐம்பது பேர் வேண்டும். டி.வி. பேச்சாளருக்கு ஐயாயிரம் பேர் வருவார்கள், சிரிப்பார்கள், பத்து மணிக்குக் கலைவார்கள். அடுத்த வருஷம் அவருக்குத் தேதி கிடைக்காவிட்டால் உன் விழாவும் இல்லை.

பட்டிமன்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நம் சொத்து. மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழா இருபத்தெட்டு நாள். முரசறைகிறவன் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறான்: கமுகு கட்டு, வாழை கட்டு, பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்பு. அதே மூச்சில், வாதம் செய்கிறவர்கள் 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்கிறான். ஏறு என்று மட்டும் சொல்லவில்லை பார், பாங்கறிந்து ஏறச் சொல்கிறான். காரைக்குடிக்காரர்கள் இன்றும் பட்டிமன்றம் என்று போடுவதில்லை, பட்டிமண்டபம் என்றுதான் அச்சடிக்கிறார்கள். ஆகவே பட்டிமண்டபம் இருக்கட்டும். உள்ளூர் ஆட்களை வைத்துச் செய். உங்கள் கூட்டுறவு வங்கி காசாளர் பேசுவார் என்று முன்பு எழுதியிருந்தாயே, அவர் ஒரு அணிக்கு. பெண்கள் மேல்நிலைப்பள்ளி டீச்சர் இன்னொரு அணிக்கு. உளறினால் உளறட்டும், நம்மூர் உளறல்.

அந்த முரசறைகிறவன் இன்னொன்றும் சொல்கிறான். உங்கள் கமிட்டிக் கூட்டத்தில் முதல் தீர்மானமாக இதை வாசித்துவிடு: 'பற்றா மாக்கள் தம்முட னாயினும், செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்.' பகையாளியே எதிரே வந்தாலும் சண்டை போடாமல் விலகிப் போங்கள் என்று. முன்வரிசை நாற்காலி யாருக்கு என்று கேள்வி வரும்போது உதவும்.

கவியரங்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஆளுக்கு ஐந்து நிமிஷம், ஒரே கவிதை, தலைவரைப் புகழ்கிற முதல் எட்டு வரி கிடையாது. எதிர்ப்பவரைக் கூப்பிடாதே.

பொன்னாடைக்கும் ஒரு முடிவு கட்டு. போன வருஷம் ஒரு ஊரில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், ஊர்ப் பெயர் வேண்டாம். இருபத்திரண்டு பொன்னாடை போர்த்தினார்கள், நான் எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் போட்டோ. எனக்கு மைக் கிடைத்தபோது சவுண்ட் சர்வீஸ் பையன் வயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தான்.

திருவண்ணாமலையில் வேலை பார்த்த காலத்தில் முற்போக்கு எழுத்தாளர்கள் நடத்தும் கலை இரவுக்குப் போவேன். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. இலக்கியத்துக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்கமாட்டார்கள். பறையடித்து ஓய்ந்ததும் ஒருவர் ஒரு கவிதை சொல்லிவிட்டு இறங்குவார். அடுத்து வீதி நாடகம். அதற்குப் பிறகு ஒருவர் ஒரு கதையைச் சொல்வார், கையில் தாள் இல்லாமல். ரோட்டில் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்கும், பெற்றவர்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். பறைக்கு வந்தவன் கவிதைக்கும் காதைக் கொடுத்துவிடுவான். உன் கமிட்டி கரகத்தை ஒரு பக்கமும் இலக்கியத்தை ஒரு பக்கமும் வைத்திருக்கிறது. கரகத்துக்குக் கூட்டம் போய்விடும், நீ காலி நாற்காலிகளோடு பேசிக்கொண்டிருப்பாய். இரண்டையும் கலந்துவிடச் சொல். ஒயிலாட்ட வாத்தியாருக்குத் தெரிந்த பாட்டெல்லாம் இலக்கியம் இல்லையா என்ன?

இனி நான் உண்மையில் எழுத வந்தது. உன் மூன்று நாளில் கேட்பதற்கு எல்லாம் இருக்கிறது, ஊர்க்காரன் ஒருவன்கூட எழுதுவதற்கு எதுவும் இல்லை. 'கட்டுரைப் போட்டி: நான் விரும்பும் தலைவர்' என்று போட்டிருக்கிறாயே, அது எழுத்து இல்லையப்பா, நகல். நீயே முப்பத்து நாலு வருஷம் திருத்திச் சலித்தவன்.

ஒன்று செய்யலாம். எழுத்தாளர் கி.ரா. இடைசெவலில் இருந்துகொண்டே கரிசல் மண்ணின் சொற்களைத் திரட்டி ஒரு அகராதி போட்டார், 1982-இல் வந்தது. உங்கள் செட்டிநாட்டுப் பக்கம் எத்தனை சொல் இருக்கிறது! வளவு, முகப்பு, பட்டாலை, கொண்டுவிக்கப் போனது, இசைகுடிமானம். பந்தலில் ஒரு மேசை போடு, நாலு நோட்டு வை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவை. வருகிற ஆச்சிமார் ஆளுக்கு ஒரு சொல் கொடுக்கட்டும், பிள்ளைகள் அதன் பொருளைக் கேட்டு எழுதட்டும். மூன்றாம் நாள் அந்த நோட்டை மேடையில் வாசி. செலவு நாலு நோட்டும் பேனாவும்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப நாளாக ஆசை. என் தாத்தா ரங்கூன் முகல் தெருவில் செட்டியார் கடையில் பெட்டியடியில் வேலை பார்த்தவர். 1941 கார்த்திகையில் அப்பத்தாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலே 'உ', அதன் கீழ் 'சிவமயம்'. 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்.' பசு கன்று போட்டதா, கிழக்குத் தாவாரத்து ஓடு மாற்றியாயிற்றா என்று கேட்டிருக்கிறார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மாதம் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். தாத்தா கால்நடையாக வந்து சேர்ந்தார், காலில் ஒரு விரல் குறைவாக. பசுவைப் பற்றிக் கேட்ட அந்தக் கடிதத்தை அப்பத்தா கடைசிவரை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

உங்கள் ஊரில் பெட்டிக்குப் பெட்டி இப்படிக் கடிதம் இருக்கும். ரங்கூன், பினாங்கு, ஈப்போ, கொழும்பு. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம், ஆறு வீட்டுக்காரர்கள், ஆளுக்கு ஒரு பழைய கடிதம். வாசித்துவிட்டு, எழுதியவர் யார் என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். வீட்டுக்காரர்களைக் கேட்டு, முன்கூட்டியே நீ படித்துப் பார்த்துவிடு. பாகப்பிரிவினை, வட்டிக்கணக்கு ஏதாவது எட்டிப் பார்த்தால் உன் விழா கோர்ட்டில் போய் நிற்கும். பிறகு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஐம்பது காசு தபால் அட்டை கொடுத்து, அந்தத் தாத்தாக்களில் ஒருவருக்குப் பதில் எழுதச் சொல். பரிசு வேண்டாம். எல்லா அட்டையையும் பந்தல் கயிற்றில் தொங்கவிடு.

இதற்கெல்லாம் மைக் ஒன்று போதும், அதுவும் சின்னது. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தன் வீட்டு முற்றத்தில்தான் 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தை நடத்தினார்.

உன் மகன் வீட்டுக் குடிபுகல் என்றைக்கு என்று எழுதவில்லையே? இங்கே சின்னவள் வங்கித் தேர்வு எழுதியிருக்கிறாள், முடிவு இன்னும் வரவில்லை. எனக்கு இடக்கண் ஆவணியில். ஆகவே ஆடியில் கட்டாயம் வருவேன், கடிதத்தையும் எடுத்து வருவேன். கொடுத்தால் வாசிப்பேன். நோட்டீஸில் என் பெயரைப் போடாதே, பொன்னாடையும் கூடாது. திண்ணையில் ஒரு பாயும் ராத்திரிக்குக் கும்மாயமும் போதும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்

பி.கு.: நீ அனுப்பிய நோட்டீஸ் நகலைப் பேத்தி கண்ணெதிரே நீட்டிக் காட்டினாள். 'சிறப்புறை' என்று அச்சாகியிருக்கிறது. அச்சகத்துக்காரர் மேல் பழியைப் போடாதே, மேலே உன் கையெழுத்திலும் அப்படித்தான் இருக்கிறது. உறை என்றால் தலையணைக்குப் போடுவது, ஐயா.