ஞானத்தகப்பன் கட்டம்

அன்புள்ள சவரி,

ஊருக்கெல்லாம் நீ சாமியார், எனக்கு இன்னும் சவரிதான். கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஜூன் 14 மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் தம்பி என்னை ஐஸ், டீசல் கணக்கு எழுத உட்கார வைத்துவிட்டான். முதல் இரண்டு நடை இறால் பரவாயில்லை, அப்புறம் கச்சான் காற்று ஏறிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி. ஆனாலும் காலைப் பூசையை விடுவதாக இல்லை. பாம்பன் புதுப்பாலத்தில் ரயில் ஓடுகிறது. நீ அடுத்த தடவை பஸ்ஸில் வந்து இடுப்பு வலி என்று சொல்ல வேண்டியதில்லை.

போப் பிரான்சிஸ் இறந்த அன்று எங்கே இருந்தாய் என்று கேட்டிருந்தாய். ஏப்ரல் 21, ஈஸ்டர் பாஸ்காவுக்கு மறுநாள். தடைக்காலம் என்பதால் ஆம்பளைகள் எல்லாரும் கரையில்தான் இருந்தார்கள். துக்க மணி அடித்ததும் யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டு கோவிலுக்கு ஓடி வந்தார்கள். நான் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டும் வராமல் துருத்தியை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தேன். 2013-ல் விமானத்தில் வைத்து, ஆணையே விரும்பும் என் போன்ற ஆண்களைப் பற்றிக் கேட்டதற்கு, "தீர்ப்பிட நான் யார்?" என்று அவர் சொன்ன செய்தியை நீதான் பேப்பரில் வெட்டி அனுப்பினாய். அது இன்னும் என் பாட்டுப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரீட்டாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. என் அக்கா மகள் ரீட்டாதான், உன் கையால் புதுநன்மை வாங்கியவள். "மாமா, ஞானஸ்நானத்துல பிள்ளைக்குப் பொறுப்பு நிக்கிற ஞானத்தகப்பன் நீங்கதான்" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். மறுவாரம் பேர் கொடுக்கச் சாமியார் பங்களாவுக்குப் போனோம். புதுச் சாமி சின்னப் பையன், நல்லவர். நீலத் துணி அட்டை போட்ட ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்தார். பிள்ளை பெயர், தாய் தகப்பன் பெயர் எழுதியாயிற்று. அடுத்த கட்டம் ஞானத்தகப்பன். என் பெயரைச் சொன்னேன். பேனா மூடியைக் கழற்றியவர் அதை மறுபடி மாட்டிவிட்டார். "அண்ணே, பங்குப் பேரவைல ரெண்டு பேர் வந்து பேசிட்டுப் போனாங்க. வேற யாரையாவது பாத்துக்கலாமா?" என்றார். ரீட்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் வரியில் இருந்த பெயர்களில் பாதி எனக்குத் தெரிந்த குடிகாரர்கள்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய தாள்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். திருச்சபைச் சட்டம் ஞானத்தகப்பனுக்கு என்ன கேட்கிறது? பதினாறு வயது முடிந்திருக்க வேண்டும், உறுதிபூசுதல் வாங்கியிருக்க வேண்டும், விசுவாசத்துக்கு ஏற்ப நடக்க வேண்டும். கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. 2023 நவம்பரில் பிரேசில் ஆயர் ஒருவருடைய கேள்விகளுக்கு வத்திக்கான் சொன்ன பதிலும் அதில் இருந்தது. திருநங்கைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், நிலைமையைப் பார்த்து ஞானப்பெற்றோராகவும் ஏற்கலாம், ஆனால் துர்மாதிரிகை, அதாவது மற்றவர்களுக்குக் கெட்ட உதாரணம், வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. என் போன்றவர்களுக்கு, ஒருவரோடு ஊரறியக் கணவன் மனைவி போல வாழ்ந்தால்தான் சிக்கல் என்கிறது. துர்மாதிரிகை என்ற சொல்லைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடமாக ஊர் என்னை "அவன் ஒரு மாதிரி" என்றுதான் சொல்கிறது. ரோமாபுரியும் மாதிரியில்தான் வந்து நிற்கிறது.

திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் எங்களைப் பற்றி இரண்டு பத்தி அடுத்தடுத்து வருவது உனக்குத் தெரியும். 2357-ஆம் பத்தி ஓரினச் சேர்க்கைச் செயல்கள் இயல்பிலேயே ஒழுங்கற்றவை என்கிறது. 2358 எங்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது. ஒரே பாயில் தலைமாடும் கால்மாடுமாகப் படுத்த அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் கிடக்கின்றன. எந்தப் பக்கம் புரண்டாலும் ஒருவன் உதை வாங்குவான்.

அப்புறம் 2023 டிசம்பர் 18-ல் வத்திக்கானிலிருந்து வந்த அறிக்கை. ஒரே பாலினத்து இணையர் கேட்டால் குருவானவர் ஆசீர்வதிக்கலாம், ஆனால் அது கல்யாணம் போலத் தெரியக் கூடாது, வழிபாட்டு முறையாகவும் இருக்கக் கூடாது. ஆப்பிரிக்க ஆயர்கள் முடியாது என்றார்கள். உடனே ஜனவரி 4-ல் விளக்கம் வந்தது: பத்துப் பதினைந்து விநாடி விஷயம்தானே என்று. நான் மணி பார்த்து ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லிப் பார்த்தேன், கிட்டத்தட்ட அவ்வளவுதான் வருகிறது. போன மாதம் தம்பியின் படகை மந்திரிக்கச் சாமிக்கு முழுசாக அரை மணி நேரம் ஆயிற்று. எஞ்சின், வலை, ஐஸ்பெட்டி, ஒன்று விடாமல் தீர்த்தம் தெளித்தார். அந்தப் படகு செய்யாத பாவமா? எல்லை தாண்டியிருக்கிறது, பக்கத்துப் படகு வலையை அறுத்திருக்கிறது.

இருந்தாலும் சவரி, எனக்கு அந்தப் பதினைந்து விநாடி வேண்டியதில்லை. நம்ம ஊரில் கோவில் என்பது வேதபோதகம் மட்டும் இல்லை, தலைக்கட்டு. கல்யாணம் ஆனால்தான் நீ ஒரு தலைக்கட்டு. அப்போதுதான் உன் பெயருக்கு வரி விழும், கூட்டத்தில் பேச்சு இருக்கும், திருவிழாவில் உபயம் இருக்கும். எனக்கு நாற்பத்தொன்பது வயது, இன்னும் அம்மா பெயரில்தான் வரி கட்டுகிறேன். சப்பரம் தூக்கத் தோள் கேட்பார்கள், பெரிய வியாழன் பாட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். யாரும் என்னை வெளியே தள்ளியதில்லை. எழுதும்போது மட்டும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

நீ கேட்காமல் விட்ட கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். இப்போது யாரும் இல்லை. மண்டபம் ஊரில் எனக்கென்று இருந்தவன் வளைகுடாவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. தனியாள் என்பதால்தான் ஊர் என்னைத் தாங்குகிறது என்று சில ராத்திரி தோன்றும். அவன் இங்கேயே இருந்து, இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை கண்டிருந்தால், அந்த ஆர்மோனியம் இன்றைக்கு யார் கையில் இருந்திருக்கும்? உனக்கே தெரியும்.

இன்னொன்று. பாட்டுக் குழுவில் ஒரு பையன், பேர் வேண்டாம், நல்ல குரல். போனில் எதையோ பார்த்துவிட்டு அவனுடைய அம்மா ஒரு ஜெபக்கூடத்துக்கு அழைத்துப்போய் மூன்று நாள் உபவாசம் போட்டுப் பேயோட்டினாள். திரும்பி வந்தவன் பாடுவதில்லை. மாற்றுகிறேன் என்று மருத்துவம் பார்ப்பதற்கே 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது என்று அவளிடம் சொன்னேன். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு. இந்த விஷயம் எனக்குப் புரியவில்லை என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே போய் மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எம்புள்ள மோட்சத்துக்குப் போவானா, அதச் சொல்லு" என்றாள். நான் வாயடைத்துப் போனேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ.

ஓரியூர் ஞாபகம் இருக்கிறதா? அருளானந்தர் திருநாள், நமக்கு இருபது வயது. மறவர் தலைவர் தடியத்தேவர் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் வாங்கி ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டதும், விலக்கப்பட்டவள் சேதுபதி ராஜாவிடம் முறையிட்டதும், 1693-ல் அங்கேயே அருளானந்தர் தலை போனதும் என்று நீ கதை சொல்லிக்கொண்டே வந்தாய். நம்ம சீமையில் கல்யாணக் கணக்கும் கோவிலும் அன்றைக்கே மோதியிருக்கின்றன. அந்தச் செம்மண் மேட்டில் வைத்துத்தான் நான் என்னைப் பற்றி உன்னிடம் சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து பனங்கிழங்கை எடுத்து, நாரை உரித்து, நடுவில் ஒடித்து எனக்குப் பாதி கொடுத்தாய். மறுவருடம் குருமடத்துக்குப் போய்விட்டாய். அந்தப் பாதிக் கிழங்கை வைத்துத்தான் இத்தனை வருடம் பூசைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

ஞானஸ்நானம் ஆகஸ்ட் முதல் ஞாயிறு. அதற்கு முன்னால், ஜூலை 25, வேர்க்காடு சந்தியாகப்பர் திருநாளுக்கே வந்துவிடு. அம்மா நண்டு வாங்கி வைப்பாள். பங்குச் சாமியிடம் அனுமதி கேட்டு நீயே வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ரீட்டா ஒற்றைக் காலில் நிற்கிறாள். சண்டை போடச் சொல்லவில்லை. பதிவேட்டை அவர் உன் முன்னால் விரிப்பார். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், கொஞ்சம் நிறுத்தி எழுது.

என்றும் உன்,
அந்தோணி