நிலாவின் பற்களைப் பற்றி மங்கைக்கு

அன்புள்ள மங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மகள் நிலாவின் பல்லுக்குக் கம்பி போடுவதைப் பற்றி ஆடியில் நீ எழுதிய கடிதத்துக்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன். கமலா இதற்குள் என்னைப் பற்றி உன்னிடம் குறை சொல்லியிருப்பாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை, மன்னித்துவிடு.

சென்ற மாதம் என் கீழ்வரிசை முன்பல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். நம் விடுதி வார்டன் அம்மாள் ‘திருவிழாக் கூட்டம்’ என்று பெயர் வைத்த, நெருக்கியடித்து நிற்கும் அந்த நான்கு பற்களில் ஒன்றுதான். பல் துலக்கும்போது இரத்தம் கசிவது எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது; பிரஷ் கடினமாக இருக்கிறது என்று நினைத்து, பிரஷை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். மருத்துவர் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய அளவுகம்பி ஒன்றை இறக்கிப் பார்த்தார். 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இடைவெளி எனக்கு 7 மில்லிமீட்டர் ஆழம் போயிருந்தது. எக்ஸ்ரேயில், பல்லைத் தாங்கும் எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. இவ்வளவும் ஒருநாள்கூட வலிக்காமல் நடந்திருக்கிறது, மங்கை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடுக்குக்குள் பிரஷ் நுழைவதில்லை. அங்கே தங்கும் அழுக்குப் படலம் சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடுகிறது, பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அது போவதில்லை. கோணல் பல் மட்டுமே ஈறுநோயைக் கொண்டுவருவதில்லை, இடுக்குகளைப் பொறுமையாகச் சுத்தம் செய்பவர்களுக்கு அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை என்றும் மருத்துவர் சொன்னார். ஆனால் நேராக நிற்கும் பல்லுக்கு இரண்டு நிமிடம் போதும். என் பற்களுக்குத் தனியாகச் சிறு பிரஷ், நூல், கண்ணாடி எல்லாம் வேண்டியிருக்கிறது. எனக்குச் சர்க்கரையும் உண்டல்லவா? சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது, ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகிறது.

என் பல் போனதைச் சொல்ல மட்டும் நான் இதை எழுதவில்லை. நீ அனுப்பிய முளைப்பாரிப் படத்தில் நிலாவைப் பார்த்தேன். மேல்பற்கள் வெளியே தள்ளி, உதடு மூடாமல் நிற்கிறாள். ‘கம்பி போடுவது அழகுக்குத்தானே, அதற்கு ஏன் இவ்வளவு செலவு’ என்று நீ ஆடியில் எழுதியிருந்தாய். உன் மாமியார் தெற்றுப்பல் அதிர்ஷ்டம் என்கிறார் என்றும் எழுதியிருந்தாய். பெரியவரின் சொல்லை நான் மறுக்கவில்லை. ஆனால் உதட்டின் காப்பு இல்லாத முன்பல், குழந்தை சைக்கிளிலிருந்து விழும்போது தரையில் முதலில் மோதுகிறது, உடைந்த நிலைப்பல்லோ மறுபடி முளைப்பதில்லை. உதடு மூடாத வாயில் ஈறும் காய்ந்து வீங்குகிறது. தள்ளிய பற்களைச் சிறு வயதிலேயே உள்ளே கொண்டுவந்தால் இப்படி அடிபடும் வாய்ப்பு குறைகிறது என்பது ஆய்ந்து கண்ட செய்தி. அவளுக்குப் பத்து வயது. தாடை இன்னும் வளர்கிறது என்பதால் காலம் அவள் பக்கம் இருக்கிறது. அவள் வாயால் மூச்சு விடுகிறாளா என்று இரவில் கவனி. விட்டால் மூக்கையும் தொண்டையையும் மருத்துவரிடம் காட்டு.

கம்பி போட்டால் தலைவலி, தாடை வலி எல்லாம் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. என் மருத்துவர் அந்த உறுதியைத் தரவில்லை. பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கம்பி இருக்கும். கழற்றிய பின் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க, தாங்கியை (ரீடெய்னர்) இரவில் அணிய வேண்டும். செலவை நினைத்துத் தயங்காதே. உங்கள் புதுக்கோட்டையிலேயே 2023 முதல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, முதலில் அங்கே காட்டு. பள்ளி விடுமுறைக்குக் காத்திராமல் இந்த மாதமே அழைத்துப் போ.

பொங்கலுக்கு நான் அங்கு வருகிறேன். விடுதியின் மூன்றாம் எண் அறையில் எங்கள் எல்லோருக்கும் நீ பல்லால் கரும்பு உரித்துத் தந்ததைப் போல இந்த முறையும் எனக்கு உரித்துத் தர வேண்டும். என்னால் இனி முடியாது.

அன்புடன்,
வசந்தி