சோலைக்குள் ஆட்களை இறக்காதீர்கள்

சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கோத்தகிரிக்கு வேன் விடும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி வேளச்சேரிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அம்மா இன்னும் ஊரில்தான், லாங்வுட் சோலை என்கிற மலைக்காட்டுக்குக் கீழே இருக்கிறார்.

போன மே மாதம் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். இருபது பேருக்கு மேல் சோலைக்குள் இறங்கி, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, ஓடைக்கரையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் காலை எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அம்மாவுக்கு 71 வயது. குச்சியை ஊன்றிக்கொண்டு என்னோடு மேலே ஏறினார். ஓடையில் குழாய் வாய்க்கு ஒரு பழைய வேட்டித் துணி கட்டியிருப்போம். அதில் பிரியாணி ஒட்டிய அலுமினியத்தாள், சிப்ஸ் பாக்கெட், ஒரு குழந்தையின் டயப்பர். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார், துணியை அலசி மறுபடியும் கட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தின நாள் பிடித்துவைத்த அரைக் குடத்தில் அன்றைய சமையலை முடித்தோம்.

அந்தச் சோலை மொத்தமே சுமார் 116 ஹெக்டேர்தான். மரமெல்லாம் பாசி. மூடுபனி அதில் படிந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். கீழே மெத்தை போலக் கிடக்கும் சருகும் மண்ணும் அதைப் பிடித்துவைத்து, மழையில்லாத மாசி பங்குனியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கூட்டம் மிதித்து மண் இறுகிப்போனால் பெய்கிற மழை நிற்காமல் ஓடிவிடும். கீழே இருக்கும் கிராமங்களுக்குச் சோலை விடும் அந்தத் தண்ணீர்தான் குடிநீர். 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சோலை சேர்ந்தபோது எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். இன்று அந்தப் பெயரை விளம்பரத்தில் போட்டு ஆள் சேர்க்கிறீர்கள். தயவுசெய்து சோலைக்குள் ஆட்களை இறக்காதீர்கள்.

2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள்தானே நாம்? ராத்திரி இரண்டு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடியவர்களுக்கு, ஒரு குடம் தண்ணீரின் அருமையை நான் சொல்ல வேண்டுமா?

    

உங்கள் பிழைப்பைக் கெடுக்க நான் எழுதவில்லை. ஆட்களைக் கூட்டி வாருங்கள். கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி எல்லாம் காட்டுங்கள், ஊர்க் கடையில் வர்க்கி வாங்கட்டும். பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வனத்துறையிடம் அனுமதி வாங்கி, நாலைந்து பேராகச் சத்தமில்லாமல் போய்வரட்டும். கொண்டுபோனதைத் திரும்ப எடுத்து வரட்டும்.

கூட்டத்தை மட்டும் சோலைக்குள் இறக்காதீர்கள். அடுத்த கோடைக்கான பட்டியல் போடும்போது அந்த ஓடைக்கரைச் சாப்பாட்டை எடுத்துவிடுங்கள். கைகூப்பிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரியில் வசிக்கும் ஒரு கோத்தகிரிக்காரி