கட் பீஸும் கால் அங்குலமும்

லிங்கன், நெப்ராஸ்கா
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். போன வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. "நல்ல துணியை விலை கொடுத்து வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடியும் ஒன்றாகத் தைக்கிறாயாமே, இதில் என்னம்மா கிடைக்கும்?" என்றீர்கள். பின்னாலிருந்து அம்மா சிரித்ததும் கேட்டது. பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் கடிதம்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைப் படிக்கமாட்டீர்கள். ஒரு காசும் கிடைக்காது. என் விசாவில் சம்பாதிக்க அனுமதி இல்லை. ஒரு கைப்பிடித் துணியைத் தைத்து விற்பதற்குக்கூட நான் துணியமாட்டேன். செலவு மட்டும் உண்டு. 'குவில்ட்டிங்' என்று இங்கே சொல்லும் இந்த ஒட்டுப்போர்வை வேலைக்கென்றே நெய்து அச்சிட்ட பருத்தித் துணி ஒரு கஜம் 12, 13 டாலர். அகலம் 44 அங்குலம். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், நான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். என்னைப் போன்றவர்களுக்காகக் கால் கஜமாகவும் விற்கிறார்கள். அதை 9 அங்குலப் பட்டையாகக் கிழித்துத் தராமல், அரைக் கஜத்தை நடுவில் வெட்டி 18க்கு 22 அங்குலத் துண்டாகத் தருகிறார்கள். இதற்கு 'ஃபேட் குவார்ட்டர்' என்று பெயர். பரப்பு ஒன்றுதான், ஆனால் பட்டையில் வெட்ட முடியாத பெரிய வடிவம் இதில் வெட்டலாம். யாரோ ஒரு கட்டிங் மாஸ்டர்தான் இதை யோசித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் தைப்பது கட்டில் அளவுப் போர்வை இல்லை. ஒரு காபிக் கோப்பையும் நாலு பிஸ்கட்டும் வைக்கிற அளவு விரிப்பு, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைப்பிடித் துணி, சுவரில் மாட்ட 12 அங்குலச் சதுரம், இவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் அமைப்பு ஒன்றே. மேலே ஒட்டுப்போட்ட முகத்துணி, நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் அடித்துணி. மூன்றும் நகராமல் பிடிக்க ஊடாக ஓடும் தையல், விளிம்பு மறைய ஒரு பட்டி. கரூரில் உங்கள் யூனிட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் போகும் அடுப்படிக் கையுறையும் இதேதான். அதை இங்கே பொழுதுபோக்கு என்கிறார்கள்.

வித்தியாசம் தையலுக்காக ஓரத்தில் துணி விடுவதில் இருக்கிறது. நீங்கள் அரை அங்குலம் விடுவீர்கள். இவர்கள் விடுவது கால் அங்குலம், அதிலும் ஒரு நூலிழை குறைவாக. மடித்து இஸ்திரி போடும்போது துணி வளைகிற இடம் அந்த ஒரு இழையைத் தின்றுவிடுமாம். இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று மூன்றாகத் தைத்தால் ஆறரை அங்குலச் சதுரம் வர வேண்டும். ஆறேகால் வந்தால் எங்கோ அகலமாக ஓட்டியிருக்கிறோம் என்று பொருள். அடுத்த சதுரத்தோடு அது சேராது. இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கவும் கூடாது. தூக்கி வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். ஒரு வரிசையின் மடிப்பை வலப்புறமும் அடுத்த வரிசையின் மடிப்பை இடப்புறமும் சாய்த்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொண்டு, மூலைகள் ஊசிமுனையில் சந்திக்கின்றன. இதைச் சொன்னால் உங்களுக்குத்தான் புரியும். உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன், "அழகாக இருக்கிறது" என்றார். சந்தித்த மூலையையும் சந்திக்காத மூலையையும் பார்த்து அதையேதான் சொல்கிறார்.

வெட்டுவதற்கு உருளும் கத்தி இருக்கிறது. 1979ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது. பீட்சா வெட்டும் சக்கரத்தின் ஜாதி, கூர்மை மட்டும் சவரக் கத்தி. கீழே ஒரு ரப்பர் பலகை, மேலே கனமான கண்ணாடி போன்ற அளவுகோல். ஆறு அடுக்கு துணியை ஒரே இழுப்பில் வெட்டிவிடலாம். இந்தக் கத்தி வருவதற்கு முன்னால் அட்டை வடிவம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் வெட்டினார்களாம். இப்போது அதற்கும் பொறுமையில்லாதவர்களுக்கு 5 அங்குலச் சதுரங்களாக ஆலையிலேயே வெட்டிக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பாதி வேலை வெட்டில் இருக்கிறது. அதை விலைக்கு வாங்கிவிட்டு என்ன தைப்பது? அலமாரி நிறையத் துணி வாங்கி அடுக்கிவிட்டுத் தைக்காமலே இருப்பவர்களும் நிறைய. அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள், வெட்கப்படுவதில்லை.

இவ்வளவும் எங்கே கற்றாய் என்பீர்கள். இந்த ஊரில் டிசம்பர், ஜனவரி எப்படி இருக்கும் என்று போனிலேயே சொன்னேன். ஐந்து மணிக்கு இருட்டு, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி, தெருவில் ஆள் கிடையாது. கார் ஓட்டத் தெரியாதவளுக்கு வீடே ஊர். நடந்து போகிற தூரத்தில் ஒரு லூத்தரன் சர்ச் இருக்கிறது. அதன் நிலவறையில் செவ்வாய்க்கிழமை காலையில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் வெளியே கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா கடந்துபோக உங்கள் மகளால் முடியுமா? உள்ளே போனேன். பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய பெண்கள். என்ன மதம், எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னால் காபி கொடுத்தார்கள். நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று தெரிந்த அடுத்த வாரத்திலிருந்து எனக்கென்று எலுமிச்சைத் துண்டுக் கேக் வருகிறது.

அங்கே தைப்பது அலங்காரத்துக்கு இல்லை. 60க்கு 80 அங்குலப் போர்வைகள். லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்கிற அமைப்பு வழியாக அகதி முகாம்களுக்கும் பேரிடர் நடந்த ஊர்களுக்கும் போகின்றன. முகத்துணி பழைய திரைச்சீலை, அடித்துணி பழைய படுக்கை விரிப்பு. ஊடாக ஓடும் தையல் போட நேரம் பிடிக்கும் என்பதால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முடிச்சாக நூலை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். நான் போனபோது ஒவ்வொரு விரிப்பையும் தனித்தனியாக விரித்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எட்டு விரிப்பை ஓரம் சேர்த்து அடுக்கி, மேலே சாக்கட்டியால் கோடு போட்டு, எங்கே எதைப் பொருத்தினால் கழிவு குறையும் என்று காட்டினேன். அன்றிலிருந்து வெட்டு மேசை எனக்கு. இதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் உங்கள் யூனிட்டில் வந்து உட்கார்ந்திருந்தது வீணாகப் போகவில்லை.

அங்கே ஒரு பாட்டி இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். அவருடைய மிஷின் சிங்கர் 221. 1933ல் சந்தைக்கு வந்த மாடல், எடை ஐந்து கிலோ, ஒரு சிறிய கறுப்புப் பெட்டிக்குள் அடங்கும். நேர்த்தையல் தவிர வேறொன்றும் போடாது, அதை அப்படி ஓட்டும். நான் மதராஸ் பக்கம் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. 1960களில் அவர் கல்லூரிக்குப் போன காலத்தில் மதராஸ் கட்டம் போட்ட சட்டை இங்கே பெரிய நாகரிகமாம். துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றில் ஒன்று கலந்து மங்கும். சாயம் நிச்சயம் போகும் என்பதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்து விற்றிருக்கிறார்கள்! சாயம் நிற்கவில்லை என்று சரக்கைத் திருப்பி அனுப்பிய அந்த வாடிக்கையாளரை நினைத்தேன். நீங்கள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தீர்களே, அந்த வருஷம்.

பாட்டியின் வீட்டில் அவருடைய அம்மா தைத்த போர்வை ஒன்று இருக்கிறது. 1930களின் பஞ்சத்தில் மாவும் கோழித் தீவனமும் பருத்திச் சாக்கில் வந்தன. சாக்கைப் பெண்கள் துணியாக்குகிறார்கள் என்று தெரிந்ததும் ஆலைக்காரர்கள் பூப்போட்ட சாக்கில் மாவை அடைத்து விற்கத் தொடங்கினார்கள். ஒரு கவுனுக்கு ஒரே பூவில் மூன்று சாக்கு தேவைப்பட்டால், கடையில் அந்தப் பூச் சாக்கைத் தேடி எடுத்துவர வீட்டுக்காரரை அனுப்புவார்களாம். மிஞ்சிய துண்டுதான் போர்வை. ஆகவே இந்த வேலையும் இல்லாமையில்தான் பிறந்தது, அப்பா. விலை கொடுத்து வாங்கி வெட்டுவதெல்லாம் பிறகு வந்தது.

உங்கள் மாப்பிள்ளையின் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்திலேயே, பல்கலைக்கழகத்தின் கிழக்கு வளாக ஓரத்தில், போர்வைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1997ல் ஒரு தம்பதி தாங்கள் சேர்த்த ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான போர்வைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததில் தொடங்கியது. இப்போதைய கட்டிடம் 2008ல் திறந்தது. 1971ல் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கப் போர்வைகளை ஓவியம்போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. கட்டிலில் கிடந்ததைக் கலை என்று பலர் பார்த்தது அப்போதுதான். அந்தப் போர்வைகளும் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் பழைய எளிய வாழ்க்கை வாழும் ஆமிஷ் என்கிற கிறித்தவப் பிரிவின் பெண்கள் தைத்தவை முன்னால் நான் அதிக நேரம் நின்றேன். பூ இல்லை, அச்சு இல்லை. ஊதா, அரக்கு, கரும்பச்சை என்று வெறும் பட்டைகள். ஆனால் கிட்டே போனால் அந்தப் பட்டைக்குள் இறகும் கொடியுமாக, அதே நிற நூலில் கைத்தையல். விளக்கு சாய்ந்து விழுந்தால்தான் தெரியும். சிந்துப் பக்கத்தில் தைக்கும் ரல்லி என்கிற ஒட்டுப்போர்வையும் அவர்கள் சேகரிப்பில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் தைத்தவர் பெயர் இல்லை.

இப்போது என் கையில் இருப்பது ஒரு கொக்குப் படம். இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் பிளாட் ஆறு ஓடுகிறது. வடக்கே போகும் சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அங்கே தங்குகின்றன, லட்சக்கணக்கில். பகலில் அறுவடை முடிந்த வயலில் சிந்திய மக்காச்சோளம், இரவில் ஆழமில்லாத ஆற்று மணலில் நின்றபடி தூக்கம். மாலையில் அவை இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்றிரவே துணியை எடுத்து வைத்தேன். வானம் ஐந்து பட்டை, ஆற்றுக்கு மூன்று பட்டை. பறவையை வெட்டி, பசைத் தாளோடு இஸ்திரி போட்டு ஒட்டி, துணியை இழுக்கும் மிஷின் பல்லை இறக்கிவிட்டுத் துணியை நானே நகர்த்தி இறகு தைக்கிறேன். நம் ஊரில் எம்பிராய்டரி போடுகிறவர்கள் வளையம் மாட்டிச் செய்வார்களே, அதேதான். தலையில் உள்ள சிவப்புக்கு அம்மாவின் அரக்குப் பட்டு ரவிக்கையில் மிஞ்சிய துண்டு. இங்கே பத்துக் கடையில் தேடினாலும் அந்தச் சிவப்பு இல்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நம் வீட்டில் தையல் என்றால் பீஸ் கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை பீஸ், ஒரு பீஸுக்கு எவ்வளவு, ரிஜெக்ட் எத்தனை. நான் பார்த்து வளர்ந்த தையல் முழுவதும் கடிகாரத்தோடு ஓடியது. இங்கே ஒரு கொக்கின் காலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறேன், யாரும் கேட்பதில்லை. எனக்கு அது வேண்டியிருக்கிறது. படித்த படிப்புக்கு வேலை செய்ய முடியாத இந்த ஊரில், கையில் ஒரு வேலை முடிந்து நிற்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் கடையில் இந்தியாவில் தைத்த கையுறை ஜோடி எட்டு டாலருக்குத் தொங்குவதையும் பார்க்கிறேன். என் கையுறைக்குத் துணி வாங்கவே அந்த எட்டு டாலர் போதாது. அதை எடுத்துத் தையலைத் திருப்பிப் பார்ப்பேன். உங்கள் தகரக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களும் அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

சித்தப்பா மகன் ஜூன் மாதம் இந்தப் பக்கம் வருகிறான். அவனிடம் ஒரு பை கட்டிங் வேஸ்ட் கொடுத்துவிடுங்கள். எடைக்குப் போகிற துண்டுதான், நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கோடும் கட்டமும் மட்டும் போதும். அச்சுத் துணி இங்கே நிறையக் கிடைக்கிறது. உள்ளங்கை அளவுக்குக் குறைந்த துண்டு வேண்டாம். முன்பே ஒரு தண்ணீர் அலசிப் போட்டால் நல்லது, சுருங்குவது அங்கேயே சுருங்கட்டும். கருநீலமும் கருஞ்சிவப்பும் தனிப் பையில். இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம், அவனுக்கு 23 கிலோதான் அனுமதி, அம்மா எப்படியும் ஊறுகாய் வைப்பார்கள்.

கண் மருத்துவரைப் பார்த்தீர்களா? வெட்டு மேசையில் விளக்கை இடப்பக்கம் மாற்றிப் போடச் சொன்னேனே, போட்டீர்களா?

இதோடு ஒரு துணி அஞ்சல் அட்டை வைத்திருக்கிறேன். 4க்கு 6 அங்குலம், உள்ளே விறைப்புத் துணி. ஸ்டாம்ப் ஒட்டித் தனியாகவே தபாலில் போடலாம் என்றார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை, உறைக்குள் வைத்துவிட்டேன். விளிம்புத் தையலில் குறை இருந்தால் எழுதி அனுப்புங்கள். போனில் சொல்ல வேண்டாம், பாதியிலேயே அம்மா வாங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்