வைஸ் இல்லாத பெஞ்சு

தென்காசி,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளட்டும். இன்னும் ஒரு மாதத்துக்குக் குனிந்து கோலம் போடக் கூடாது என்று உன் அக்கா கண்டிப்பாக எழுதச் சொன்னாள். இங்கே பேரனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். அவனுக்கு நடைவண்டி செய்துகொண்டிருக்கிறேன்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, "பெஞ்சு செய்தாயாம், வைஸே இல்லையாம், அது என்ன பெஞ்சு?" என்று. நீ கேட்பது நியாயம்தான். தச்சன் நின்று வேலை செய்கிற பெஞ்சு என்றாலே, சாமானைத் திருகி இறுக்கிப் பிடிக்கிற வைஸ் அதில் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாற்பது வருஷமாகக் கோயம்புத்தூரில் பம்பு வார்க்கிற அச்சுக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்குகிறவன் நீ. வளைவும் நெளிவுமான அந்தக் கட்டைகளை இரும்பு வைஸ் இல்லாமல் பிடிக்க முடியாது. என் கதை வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா வேலை செய்ததை நீ பார்த்திருக்கிறாய். தரையில் உட்கார்ந்தே எல்லாம் செய்வார். பலகையின் ஒரு முனையை முற்றத்தில் அடித்த முளையில் முட்டுக்கொடுத்து, மறுமுனையைக் குதிகாலால் அழுத்திக்கொண்டு இழைப்பார். துளை அடிக்கவேண்டும் என்றால் கட்டையின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். சின்னச் சட்டமாக இருந்தால் இடது கால் பெருவிரலும் பக்கத்து விரலும்தான் கிடுக்கி. அந்தப் பெருவிரலில் உளி பட்ட தழும்பு மூன்று இருந்தது. நானும் அப்படித்தான் கற்றேன், ஐம்பது வயது வரை அப்படித்தான் செய்தேன். இப்போது முழங்கால் மடங்க மறுக்கிறது. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து உளிப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்ளே.

அதற்குப் பிறகுதான் பெஞ்சு. ஊர்ப்பக்கம் சாய்ந்த ஒரு வாகை மரத்தை அறுத்து, நிழலில் அடுக்கிக் காயவைத்த பலகை இரண்டு கிடைத்தது. சேர்த்து ஒட்டியதில் 7 அடி நீளம், 20 அங்குல அகலம், மூன்றரை அங்குலக் கனம். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. ஒரு வாரம் துண்டைக் கட்டிக்கொண்டுதான் இழைத்தேன். கால்கள் வேம்பு. காலின் தலையைக் கழுந்தாக, அதாவது துளைக்குள் இறங்குகிற நாக்காகச் சீவி, பலகையில் துளை அடித்து இறக்கியிருக்கிறேன். உயரம் 31 அங்குலம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே வருகிறது. இதைவிட உயர்த்தினால் இழைக்கும்போது உடம்பின் பாரம் இழைப்புளியில் இறங்காது, தோள்தான் நோகும். முன்கால்கள் இரண்டும் பலகையின் விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்கின்றன. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முற்றத்து முளைக்குப் பதிலாக, இடதுகைப் பக்க ஓரத்தில் 2 அங்குலச் சதுரத் துளை. அதில் இறுக்கமாக ஒரு கட்டை. கீழேயிருந்து கொட்டாப்புளியால் தட்டினால் ஏறும், மேலேயிருந்து தட்டினால் இறங்கும். அரை அங்குலப் பலகை என்றால் கால் அங்குலம் ஏற்றினால் போதும். பலகையை அதில் முட்டி வைத்துவிட்டு இழைக்க வேண்டியதுதான். இழைப்புளி முன்னே தள்ளுகிறது, முளை தடுக்கிறது, பலகை எங்கே போகும்? திருப்பிப் போட்டு மறுபக்கம் இழைக்க ஒரு நொடி ஆகாது. வைஸில் என்றால் திருகு, தளர்த்து, மறுபடி திருகு. அதோடு மெல்லிய பலகை இறுக்கத்தில் வில்லாக வளைந்து நிற்கும். வளைந்த நிலையில் மட்டமாக இழைத்து, கழற்றி எடுத்தால் மறுபடி வளைவு தெரியும். "தடுத்தாப் போதும்லே, நெரிக்காதே" என்று அப்பா சொன்னது இதைத்தான் என்று இப்போதுதான் புரிகிறது.

குறுக்கே இழைக்கும்போது மட்டும் முளையைச் சுற்றிப் பலகை திரும்பிவிடும். முன்பு அதைக் குதிகால் பார்த்துக்கொண்டது. இப்போது ஒரு மெல்லிய பட்டியின் முனையில் மூலைமட்டம் மாதிரி வாய் வெட்டி, பலகையின் பின்மூலையை அந்த வாய்க்குள் கொடுத்துவிடுகிறேன். நடைவண்டிச் சக்கரத்தையும் இந்த வாயில்தான் வைத்து விளிம்பைச் சீவினேன். உருண்டையான சாமானும் அதில் அடங்கி நிற்கிறது.

அந்தப் பட்டி நகராமல் இருக்க ஒரு இரும்பு வேண்டும். அதற்கு ஹோல்ட்ஃபாஸ்ட் என்று பெயர். நமக்கு அந்தப் பெயர் கதவு நிலையைச் சுவரோடு பிடிக்கிற பட்டையைச் சொல்லும், இது வேறு. 18 மில்லிமீட்டர் கம்பி, தலைப்பக்கம் கொக்கின் கழுத்துப்போல வளைந்து, நுனி தட்டையாக இருக்கும். பெஞ்சில் 20 மில்லிமீட்டர் துளை. கம்பியைத் துளையில் விட்டு, நுனியைச் சாமான்மேல் வைத்து, தலையில் ஒரு அடி. கம்பி துளைக்குள் லேசாகச் சாய்ந்து, மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமுமாக முட்டி இறுகிக்கொள்ளும். எடுக்க வேண்டுமா, கழுத்தின் பின்புறம் ஒரு தட்டு. திருகு, மரை எதுவும் கிடையாது. நம்ம ஊர்க் கொல்லர் பட்டறையில் படம் போட்டுக் காட்டி இரண்டு அடித்து வாங்கினேன். முதல் நாள் வழுக்கிக்கொண்டே இருந்தது. கம்பி பளபளவென்று இருந்ததுதான் காரணம். உப்புத்தாளால் குறுக்கே தேய்த்துச் சொரசொரப்பாக்கியதும் பிடித்துக்கொண்டது. நுனி சாமானில் தழும்பு போடாமல் இருக்கப் பழைய தோல்செருப்பின் அடித்தோலை வெட்டி வைக்கிறேன். துளை போட்டதில்தான் தவறு செய்துவிட்டேன்: ஒன்று கோணலாகப் போய்விட்டது, அதை அடைத்துவிட்டு வேறு போட்டேன். துளை செங்குத்தாக இல்லையென்றால் இந்த இரும்பு ஒழுங்காகப் பிடிக்காது.

மகன் போனில் ஒரு படம் காட்டினான். கி.பி. 79-இல் இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் ஊரின் சுவரோவியத்தைப் பார்த்து வரைந்தது. தாழ்வான ஒரு பெஞ்சு, அதன்மேல் இதே மாதிரி வளைந்த இரும்பு! நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாத எந்தத் தச்சனோ, அவனுக்கும் எனக்கும் ஒரே இரும்பு.

இனி அந்த முன்கால்கள். பலகையின் பக்கவாட்டை இழைக்க அதைக் குத்தாக நிறுத்தவேண்டும் அல்லவா? பெஞ்சின் இடதுமுனையில் ஒரு மரக்கொக்கி, கால்களில் வரிசையாக முளைத்துளைகள். முளைமேல் பலகையை உட்காரவைத்து, முனையைக் கொக்கிக்குள் தள்ளி, ஒரு ஆப்பு. காலும் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருப்பதால் ஆறடிப் பலகையும் ஆடாமல் சாய்ந்து நிற்கிறது. இந்த மாதிரிக் கொக்கி வைத்த பெஞ்சை 18-ஆம் நூற்றாண்டிலேயே ரூபோ என்ற பிரெஞ்சுத் தச்சர் படமாக வரைந்து வைத்திருக்கிறார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் உன்னிடம் பொய் சொன்னதாகிவிடும். சட்டத்தை நட்டமாக நிறுத்தி, அதன் தலையில் ரம்பம் போட்டுக் கழுந்து அறுக்க என் பெஞ்சில் வழியில்லை. முளை தடுக்காது, ஆப்பும் நிற்காது. நடைவண்டியின் கைப்பிடிச் சட்டத்தை உன் அக்காவைப் பிடிக்கச் சொல்லி அறுத்தேன். அவள் கை நடுங்கியதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அப்பாவின் கால்விரல் செய்த வேலைகளில் இது ஒன்றுக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை.

ஆகவே, இடது முன்காலோடு சேர்த்து ஒரு மரத்தாடை வைக்கலாம் என்று இருக்கிறேன். நடுவில் திருகு, அடியில் ஒரு துளைப்பட்டி. முளையை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டால் தாடை நேராக நின்று கவ்வும். உங்கள் பட்டறையில் கழித்துப்போட்ட பழைய வைஸ்களில் சதுரப் புரியுள்ள திருகு ஒன்று, அதன் மரையோடு, இருக்குமா பார். ஒன்றரை அடி நீளம் போதும். கனம் எவ்வளவு என்று அளந்து எழுது. காலில் திருகுக்கான துளையை மட்டும் போடாமல் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தால் நாம் இருவரும் சேர்ந்தே பூட்டலாம்.

அன்புடன்,
உன் மச்சான்