முதியோர் கதைகளை இருமொழியில் எழுதும் பட்டறைக்கான கோரிக்கை மனு

அனுப்புநர்:
பழங்குடிக் குடியிருப்புகளில் கதைப் பதிவும் எழுத்தாக்கமும் செய்யும் தன்னார்வலர்கள்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், உதகமண்டலம்.

பொருள்: கோத்தர், இருளர் முதியோர் சொல்லும் கதைகளை இளையோர் தாய்மொழியிலும் தமிழிலும் எழுதும் பட்டறைக்கு அனுமதியும் நிதியும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அழியும் நிலையிலுள்ள மொழிகள் குறித்த யுனெஸ்கோ பட்டியலில் நீலகிரிப் பழங்குடிகளின் தோடா, கோத்த மொழிகள் மிகக் கடும் ஆபத்தில் உள்ளவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. மொழியியலாளர் எமனோ 1930களில் திரட்டிய கோத்தக் கதைகள் 1940களிலேயே அச்சேறிவிட்டன. ஆனால் ரோமன் ஒலிக்குறிகளிலும் ஆங்கிலத்திலும் உள்ள அவற்றைக் கோத்தர் வீட்டுப் பிள்ளை எடுத்துப் படிக்க முடியாது. இனி பதிவாகும் கதைகளாவது ஊருக்குள் படிக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ஒரு கோத்தர் ஊரிலும் ஓர் இருளர் குடியிருப்பிலும் ஓராண்டுக்கு, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பட்டறை நடத்தலாம். வேலைநாளில் வைத்தால் தேயிலை பறிக்கப் போனவர்கள் வர மாட்டார்கள். முதியவர் முதலில் தம் மொழியிலேயே முழுக்கதையையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று தமிழில் சொல்லச் சொன்னால் கதை சுருங்கிவிடுகிறது. பாட்டும் வசவும் விடுபட்டு, கடைசியில் சுருக்கம்தான் மிஞ்சுகிறது.

பதிவுக் கருவியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலி நசுங்கி, நுண்ணிய ஒலி வேறுபாடுகள் மங்கிவிடும். தகரக் கூரைக் கட்டடம் வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் அங்கே எதுவும் பதிவாகாது.

மிகக் கடினமானது எழுத்தாக்கம், அதாவது பதிவைக் கேட்டுத் தாய்மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுவது. புதிதாகப் பழகும் இளைஞருக்குப் பத்து நிமிடப் பதிவை எழுதி முடிக்க முழுநாளும் போதாது. ‘கடல்’ என்ற சொல்லின் ககரமும் ‘தங்கம்’ என்ற சொல்லின் ககரமும் வேறு வேறாக ஒலித்தாலும் தமிழில் ஒரே எழுத்து. கோத்த மொழியில் அவை பொருளையே மாற்றும் தனித்தனி ஒலிகள். ஆகவே ‘தங்கம்’ என்பதில் வருவது போன்ற ஒலிப்புடைய எழுத்துக்குக் கீழ்க்கோடு இடலாம். அந்தக் கோட்டை ஒருங்குறியின் (யூனிகோட்) இணைப்புக் குறியாகவே, எழுத்தோடு ஒட்டியிருக்கும்படி உள்ளிட வேண்டும். வேர்டில் அடிக்கோடிட்டால் அச்சகத்தில் எழுத்துரு மாற்றும்போது எல்லாக் கோடுகளும் காணாமல் போகும். அதன்பிறகு மெய்ப்புத் திருத்த அந்த முதியவரையே மறுபடி தேடிப்போக வேண்டியதுதான். (தோடா மொழியில் மிகுதியாக உள்ள, ‘ஃப’, ‘ஸ’ போன்ற உரசொலிகளுக்கு இந்த ஏற்பாடு போதாது என்பதால் அதை இப்போது சேர்க்கவில்லை.)

அச்சில் இடப்பக்கம் தாய்மொழி, வலப்பக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தை இளையோரே எழுத வேண்டும். பாடநூல் நடைக்கு யாரும் திருத்தக் கூடாது.

தாங்கள் கனிவுடன் ஆணையிட வேண்டியவை:

1. கதை சொல்பவருக்கும் எழுதும் இளைஞருக்கும் தோட்டத்தின் ஒருநாள் கூலிக்குக் குறையாத மதிப்பூதியம். பொன்னாடை மட்டும் போர்த்தினால் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

2. ஊருக்கு ஒரு பதிவுக் கருவி, காதொலிப்பான், இரண்டு வன்தட்டுகள். ஒரு வன்தட்டு ஊரிலும் மற்றது பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்திலும் இருக்கட்டும்.

3. பதிவுகளின் உரிமை ஊருக்கே என்ற எழுத்துப்பூர்வ உறுதி. சடங்குக் கதைகளை வெளியாருக்குச் சொல்லலாமா என்பதை ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்வார்கள்; வெளியிட்ட பிறகும் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும்.

4. மாவட்டத்தின் பழங்குடியினர் நல ஒதுக்கீட்டிலிருந்து இரு ஊர்களுக்கும் தலா 200 படிகள் அச்சிட நிதி. முதல் படிகள் வீடுகளுக்கும், அடுத்தவை அருகிலுள்ள பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் செல்ல வேண்டும்.

வரும் பருவமழைக்கு முன் பதிவைத் தொடங்க ஏதுவாக விரைந்து ஆணை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தன்னார்வலர்கள்